மதுரையிலிருந்து சென்னைக்கு ஒன்பது முழம்

பொன்னுத்தங்கம் அக்காவால் ஒரு தட்டு நேரத்துக்கு மேல் பேருந்தில் உட்கார முடியாது. அதற்குள் இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் வாந்தி எடுத்துவிடுவாள்.

தட்டு என்பது எங்கள் கணக்கு. அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. இருவரும் சூலக்கரையைத் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு நூல் சுற்றும் வேலை பார்க்கிறோம். ஒரு அறைக்கு நான்கு பேர்தான். அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. கைக்கடிகாரம், கொண்டை ஊசி, கொலுசு எதுவும் கூடாது. கைபேசியை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக அதில் உள்ளங்கையை வைத்து எடுத்த பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். ஆகவே உள்ளே மணி பார்க்க வழியில்லை. ஒரு தட்டில் நூறு வெடி இருக்கும். நூறுக்கும் நூல் சுற்றி முடித்தால் இருபத்தைந்து நிமிடம் போயிருக்கும். சாப்பாட்டுக்குச் சங்கு ஊத எவ்வளவு நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், "இன்னும் ரெண்டு தட்டு கெடக்கு" என்போம்.

அக்காவின் பயணமெல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கியதுதான். விருதுநகர் பேருந்து நிலையம் அரைத் தட்டு. சாத்தூர் ஒரு தட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். அங்கே இறங்கும்போது அவள் முகம் வெளுத்து, உதடு காய்ந்து போயிருக்கும். சிவகாசி இரண்டு தட்டு. அது நடக்காது.

அவள் பிறந்த ஊர் இருக்கன்குடிப் பக்கம். கல்யாணம் முடிந்து எங்கள் ஊருக்கு அழைத்து வந்த வேனிலேயே புதுப் பட்டுச் சேலை பாழாகிவிட்டதாம். வீட்டுக்கு வந்து இறங்கிய மணப்பெண்ணை ஆரத்தி எடுப்பதற்கு முன்பு கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் கணவர், என் பெரியத்தான் காளீஸ்வரன், அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆடி பிறப்பதற்குள் ஒரு பழைய டிவிஎஸ் வண்டி வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். அதில் முகத்தில் காற்று அடிக்கும். அவளுக்கு ஒன்றும் செய்யாது. அன்றிலிருந்து அவளுக்குப் போக்குவரத்து அந்த வண்டிதான். வண்டி போகாத இடத்துக்கு அவளும் போகமாட்டாள். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு நாங்களெல்லாம் பேருந்தில் போவோம். அவள் முந்தின நாளே நடக்க ஆரம்பித்துவிடுவாள். கோவிலில் எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஏன் இம்புட்டு நேரம்?" என்று கேட்பாள்.

இதனால் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததாக நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு குறை தவிர. அது மகள் பிரீத்திகா.

பிரீத்திகா கோயம்புத்தூரில் படித்தாள். விடுதியில் கொண்டுபோய் விட்டது அத்தான். பட்டம் வாங்கியபோது போய்ப் பார்த்ததும் அத்தான். பிறகு சென்னையில் வேலை. கல்யாணத்தை விருதுநகரில் வைத்தோம். மாப்பிள்ளைக்குச் சென்னையில் பல்லாவரம். மறுவீட்டுக்கு எல்லோரும் போனோம், அக்கா போகவில்லை. சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "பொண்ணைக் கொடுத்துட்டு அது எந்த வீட்டுல இருக்குன்னு பார்க்கக்கூட வரலையே உங்க அக்கா." நான் அதை இங்கே வந்து சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்று வருடமாக அந்தப் பேச்சு அக்காவுக்குள் கிடந்தது. கைபேசியில் மகள் தன் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, "அந்தச் சன்னலுக்கு வெளில என்ன இருக்கு, அதக் காட்டு" என்பாள். ஒவ்வொரு தடவையும் அதையே கேட்பாள்.

பிரீத்திகா உண்டாகி ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, மாசியில், டாக்டர் அவளைப் பயணம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். வளைகாப்பை அங்கேயே வைப்பது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள். சம்பந்தியம்மாள் அக்காவிடம் கைபேசியில் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க வாங்கிட்டு வர்ற வளையலைத்தான் முதல்ல போடணும். எங்க வழக்கத்துல அம்மா கையாலதான் போடுவோம். வந்துருவீங்கல்ல?"

"பாக்கேன்" என்றாள் அக்கா.

ரயிலைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஒரு தடவை மதுரைக்குப் போக ரயிலில் ஏற்றி, கள்ளிக்குடியில் இறக்கி, அங்கிருந்து அத்தான் வண்டியில் கூட்டி வந்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விமானத்தில் வரலாம் என்று சொன்னது மாப்பிள்ளை. அன்று சாயங்காலம் பிரீத்திகா கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ரோட்டுல வந்தா விருதுநகர்லருந்து ஐநூத்திப் பத்து கிலோமீட்டரும்மா. மதுரையில ஏறி மேல வந்தா நானூத்திச் சொச்சந்தான்" என்றாள்.

"அதெப்படி கொறையும்? ஊரு பக்கத்துல நகண்டு வருமா?"

"மேல வளைவு நெளிவு கெடையாதுல்லா. நேரா வந்துரும்."

"நடுவுல எங்கன நிக்கும்?"

"நிக்காதும்மா."

"டீ குடிக்கக்கூட நிப்பாட்ட மாட்டாகளா?"

"எம்மா, வானத்துல எங்கம்மா டீக்கடை?"

"சரி. எம்புட்டு நேரம்?"

"ஒரு மணி பத்து நிமிஷம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். "மூணு தட்டுக்கா. கொஞ்சம் கொறையும்" என்றேன்.

"மூணு தட்டா" என்றாள். கைபேசியை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உலை கொதிக்கவில்லை. வெறுமனே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விஷயம் அறைக்குள் வந்துவிட்டது. எங்களோடு நூல் சுற்றுகிற சொர்ணலட்சுமிக்கு வாய் சும்மா இருக்காது. "ஏரோபிளேன்ல கண்ணாடியத் தெறக்க விடமாட்டாகளாம்க்கா. பஸ்சுனா எட்டிப் பாத்து எடுத்துருவீக. அங்க என்ன செய்வீக?"

அக்கா சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"தெறந்தாலும் ஆவத்து. கீழ எவன் தலையிலயாவது விளும்லா" என்றாள் சொர்ணலட்சுமி மறுபடி.

"மழைன்னு நெனச்சிக்கிடுவான்" என்றாள் அக்கா.

நால்வரும் சிரித்தோம். மேற்பார்வை பார்ப்பவர் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். சிரிப்பு அடங்கிய பிறகு, சுற்றி முடித்த தட்டைத் தள்ளி வைத்தபடி அக்கா மெதுவாகச் சொன்னாள். "இப்ப காலையிலருந்து அஞ்சு தட்டு ஆயிப்போச்சு. எனக்கு ஒண்ணும் செய்யல பாரு."

"நீங்க இங்க உக்காந்துருக்கீக. இது ஓடலயே" என்றாள் சொர்ணலட்சுமி.

"அதில்ல. பஸ்ல கை சும்மா கெடக்கு. கை சும்மா கெடந்தா கொடலு வேலைய ஆரம்பிச்சிருது."

அவள் விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். வளைகாப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் உதிரிக் கனகாம்பரமும் ஒரு நூல் உருண்டையும். "கெளம்பு, சாத்தூருக்குப் போயிட்டு வருவோம்."

"சாத்தூர்ல என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. போயிட்டுத் திரும்பணும்."

பேருந்தில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் பூவைக் கொட்டி, பார்க்காமலேயே கட்ட ஆரம்பித்தாள். விரல்கள் தாமாகப் பூவை எடுத்தன, காம்பைச் சேர்த்தன, முடிச்சைப் போட்டன. நடத்துநர் சீட்டு கேட்டபோதும் கண்ணைத் திறக்கவில்லை. சாத்தூரில் இறங்கியபோது அவள் முகம் ஏறும்போது இருந்தபடியே இருந்தது. எதிர்ப்பக்கம் போய் நின்று அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டோம். வீட்டுக்கு வந்ததும், "டிக்கெட்டு போடச் சொல்லு" என்றாள்.

சாத்தூர் ஒரு தட்டு. மீதி இரண்டு தட்டுக்கு என்ன செய்வது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை எங்கள் இருவருக்கும் சீட்டுப் போட்டுவிட்டார். மற்ற உறவுக்காரப் பெண்கள் பலகாரங்களோடு சனிக்கிழமை ரயிலில் கிளம்பினார்கள். அன்று சாயங்காலம் அக்கா கால் கிலோ மல்லிகை மொட்டு வாங்கினாள். பூக்கடைக்காரர் அதைக் காய்ந்த வாழைமட்டைச் சருகில் பொதிந்து கொடுத்தார். கண்ணாடி வளையல்களைத் தாளில் உருட்டி, மொட்டுப் பொதி, நூல் உருண்டை, எலுமிச்சம்பழம், வாந்தி எடுக்க மூன்று பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் தன் வயர் கூடையில் அடுக்கினாள். பிறகு வாசலில் உட்கார்ந்து புளியைப் போட்டு இரண்டு கையையும் தேய்த்தாள். எங்கள் கையில் வெடிமருந்துக் கறுப்பு நகக்கண் வரைக்கும் ஏறியிருக்கும். வெகு நேரம் தேய்த்தாள். மகளுக்கு வளையல் போடப் போகிற கை.

விடியும் முன்பு இரண்டு வண்டியில் கிளம்பினோம். அத்தான் வண்டியில் அக்கா, என் கணவர் பாலகுரு வண்டியில் நான். நாற்பத்தைந்து கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் லாரிகள் எங்களை ஒதுக்கிவிட்டுப் போயின. அக்கா கூடையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து நேராக உட்கார்ந்திருந்தாள். திருமங்கலத்தில் நிறுத்தி டீ குடித்தோம். "இங்கன டீ குடிச்சாத்தான் உண்டு. மேல கடை கெடையாதாம்" என்று அவள் அத்தானிடம் சொன்னாள்.

விமான நிலையத்து வாசலில் கார்களுக்கு நடுவே டிவிஎஸ் வண்டியிலிருந்து இறங்கினோம். அத்தான் அதிகம் பேசுகிறவர் அல்ல. "வண்டி மேல ஏறுன பொறவுதான் நாங்க கெளம்புவோம்" என்றார்.

"அது கண்ணுக்குத் தெரியுமாக்கும்?" என்றாள் அக்கா.

"தெரியும். பெருசாத்தான இருக்கும்."

வாசலில் இருந்த காவலர் அடையாள அட்டையைக் கேட்டார். அட்டையும் அச்சிட்டு வைத்திருந்த சீட்டும் இருந்தன. அப்போதுதான் பார்த்தேன், அக்காவின் தலையில் ஒரு ஊசிகூட இல்லை. கொலுசு இல்லை. கையில் வளையல் இல்லை. கட்டியிருந்தது வேலைக்குக் கட்டுகிற மாதிரி நூல் சேலை. புதுச் சேலையைக் கூடைக்கு அடியில் வைத்திருந்தாள்.

"போன் எங்கக்கா?"

"வீட்டுலதான். சோதன போடுற எடம்னு சொன்னியே."

உள்ளே நுழையும்போது அவள் கண் இரண்டு பக்கமும் எதையோ தேடியது. பிறகு வாசலோரம் இருந்த எஃகுக் கம்பியில் உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டுக் கால் வைத்தாள். காவலர் அவளைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது, ஆனாலும் என் கையும் தானாகப் போய் அந்தக் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தது.

பெண்களைச் சோதிக்கிற திரைக்குள் அவள் யாரும் சொல்வதற்கு முன்பே கையை விரித்து நின்றாள். தினமும் நிற்கிறவள். அங்கே இருந்த பெண் காவலர், "அடிக்கடி போவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இதான் மொதத் தடவ."

திரையை விட்டு வெளியே வந்தபோது எங்கள் கூடையை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு அதிகாரி சின்னத் துணித்துண்டு மாதிரி ஒன்றால் கூடையின் கைப்பிடியைத் துடைத்து, அதை ஒரு இயந்திரத்துக்குள் வைத்தார். இயந்திரம் கூவியது. சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி துடைத்து வைத்தார். மறுபடியும் கூவியது. அவர் இந்தியில் ஏதோ கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. அந்தப் பெண் காவலரைக் கூப்பிட்டார்.

"இது யாரோட கூடைம்மா?"

"எங்கூடைதான். சோத்துக் கூடை" என்றாள் அக்கா. "பதினோரு வருசமா இதுலதான் சோறு கொண்டு போறேன்."

"எங்க கொண்டு போறீங்க?"

"கம்பெனிக்கு."

"என்ன கம்பெனி?"

"பட்டாசுக் கம்பெனி."

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒரு எட்டுப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். நாங்கள் நூல் சுற்றுகிற வெடியைக் கடையில் அணுகுண்டு என்று விற்கிறார்கள் என்பதை மட்டும் அவள் சொல்லிவிடக் கூடாதே என்று நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். நல்ல வேளையாக அந்தக் கேள்வி வரவில்லை.

பெண் காவலர் அதிகாரியிடம் இந்தியில் விளக்கினார். அதில் சிவகாசி என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது. அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். வளையலைத் துடைத்து வைத்தார்கள். ஒன்றும் சத்தம் இல்லை. பூப்பொதி, சத்தம் இல்லை. புதுச் சேலை நன்றாக மடித்து உறைக்குள் இருந்ததால் தப்பித்தது. நூல் உருண்டையைத் துடைத்து வைத்தார்கள். கூவியது. அது கம்பெனியில் கீழே விழுகிற துண்டு நூல்களை முடிந்து சுற்றிய உருண்டை. கடைசியில் அக்காவின் கையைக் கேட்டார்கள். இரண்டு உள்ளங்கையையும் நீட்டினாள். இயந்திரம் பேசாமல் இருந்தது.

அக்கா தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "புளி நல்ல புளிதான்" என்றாள்.

பெண் காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூடையும் நூலும் போகாதும்மா. மத்ததெல்லாம் எடுத்துட்டுப் போங்க. வெளிய யாராவது இருக்காங்களா?"

நான் என் கைபேசியில் கணவரைக் கூப்பிட்டேன். இருவரும் சொன்னபடியே வெளியில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் காவலர் கூடையையும் நூல் உருண்டையையும் வெளியே கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்தார். அதற்குள் எங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்துவிட்டது. கூடையில் இருந்ததையெல்லாம் அந்த மூன்று பிளாஸ்டிக் பையிலும் பிரித்துப் போட்டுக்கொண்டு ஓடினோம். வளையலை மட்டும் அக்கா மாரோடு அணைத்துக்கொண்டாள்.

இருக்கையில் உட்கார்ந்து பட்டையை மாட்டிய பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சாத்தூரில் இறங்குகிற முகம் இப்போதே வந்திருந்தது. விமானம் இன்னும் நகரவே இல்லை.

"நூலு இல்ல கற்பகம்" என்றாள்.

"தெரியும்க்கா."

"கை சும்மா இருந்தா எடுத்துருவேன். பையும் இல்ல."

முன்னால் இருந்த உறைக்குள் ஒரு காகிதப் பை இருந்தது. அதன் மேல் போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் எதற்கென்று தெரிந்துவிட்டது. எடுத்துக் காட்டினேன். "இதுக்குன்னே வச்சிருக்காக" என்றேன்.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். "அப்ப நம்மள மாதிரி ஆளு நெறையா ஏறுவாக போல" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. காகிதப் பையைத் திரும்ப வைத்துவிட்டாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு மகள் வீட்டு வாசலில் போய் நிற்பதற்கு அவள் இவ்வளவு தூரம் வரவில்லை.

விமானம் நகர ஆரம்பித்தது. அக்கா மடியில் இருந்த பூப்பொதியைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவிய கை நின்றது. பொதியைப் பிரித்தாள். மொட்டுகளை என் மடிக்கு மாற்றிவிட்டு, காலியான வாழைச் சருகைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு ஓரத்தில் நகத்தால் கீறி இழுத்தாள். நீளமாக ஒரு நார் வந்தது.

"ஏ, தண்ணி வாங்கு. காஞ்ச நாரு அத்துப்போகும்."

விமானப் பணிப்பெண் எல்லோருடைய பட்டையையும் பார்த்தபடி வந்துகொண்டிருந்தாள். என்ன மொழியில் கேட்பது என்று தெரியாமல் நான் கட்டை விரலை வாய்ப்பக்கம் தூக்கிக் காட்டினேன். ஒரு காகிதக் குவளையில் தண்ணீர் வந்தது. அக்கா இரண்டு விரலை அதில் நனைத்து நாரை நீவினாள். பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

விமானம் ஓடி, மேலே எழும்பியது. நான் பக்கத்தில் பார்த்தேன். அவள் நான்கு மொட்டை எடுத்து, காம்பைச் சேர்த்து, முதல் முடிச்சைப் போட்டிருந்தாள்.

அதன் பிறகு நான் சன்னலைப் பார்க்கவில்லை. நாரைக் கிழிப்பது, நனைப்பது, அவள் விரல் தேடும்போது கையில் கொடுப்பது, இதுதான் என் வேலை. ஒரு முழம் ஆனது. இரண்டு முழம். மேலே சாப்பிட என்னவோ தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வாசனை வந்தபோது அவள் மூக்கை மட்டும் சுளித்தாள். மூன்று முழம் தாண்டியபோது விமானம் மேகத்துக்குள் புகுந்து குலுங்க ஆரம்பித்தது. அதுவும் ஒரு தட்டு முடிகிற நேரம். அக்காவின் கை நின்றது. உதடு காய்ந்தது. நெற்றியில் வேர்வை புள்ளி புள்ளியாக வந்தது. நான் காகிதப் பையை எடுத்து விரித்துப் பிடித்தேன்.

அவள் கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினாள். "எத்தன கட்டிருக்கேன்?"

"மூணு முழம் இருக்கும்க்கா."

"அவ சடைக்கு இது காணாது" என்றாள். எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி மூக்கருகே ஒரு தடவை வைத்துக்கொண்டாள். பிறகு கை மறுபடி மொட்டைத் தேடியது. முதல் இரண்டு மூன்று முடிச்சு தளர்வாக விழுந்தது. அதைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டினாள். அதன் பிறகு விழுந்த முடிச்செல்லாம் இறுக்கமாக விழுந்தது. நான்காவது முழத்தில் குலுக்கல் நின்றுவிட்டது. அவளுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

என் மடியில் மொட்டு குறைந்துகொண்டே வந்தது. கடைசிப் பிடியை அவள் கையில் வைத்தபோது விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. சக்கரம் தரையில் தட்டிய அதிர்ச்சியில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்ன, எறங்கிருச்சா?"

"மெட்ராஸ் வந்தாச்சுக்கா."

பூவின் நுனியைப் பிடித்து முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் அளந்தாள். எல்லோரும் எழுந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்க, இவள் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தாள். ஒன்பது முழம் வந்தது. காகிதப் பையை மடிப்புக் கலையாமல் உறைக்குள் திரும்ப வைத்தாள்.

வெளியே மாப்பிள்ளை காரோடு நின்றார். அக்கா காரைப் பார்த்ததும் தயங்கினாள். "எம்புட்டு தூரம் மாப்ளே?"

"பத்து நிமிஷம்தான் அத்தை."

"அரைத் தட்டுகூட வராது" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

பல்லாவரத்து வீட்டில் அவள் முதலில் போன இடம் அந்தச் சன்னல். வெளியே எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு முருங்கை மரமும் இருந்தன. கைபேசியில் மகள் எத்தனையோ தடவை காட்டியதுதான். பார்த்துவிட்டு, "இதான் அந்த மரமா" என்றாள். பின்னால் பிரீத்திகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பிரீத்திகா, "வாந்தி எடுக்கலயாம்மா நீ?" என்று கேட்டாள்.

"மாசமா இருக்கவ நீ. நான் எதுக்கு எடுக்கணும்?"

பத்தரை மணிக்கு மேல் பிரீத்திகாவை நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். சம்பந்தியம்மாள் அக்காவின் தோளைத் தொட்டு முன்னால் அனுப்பினார். அக்கா புதுச் சேலை கட்டியிருந்தாள். தாள் உருட்டலைப் பிரித்து முதல் வளையலை எடுத்தாள். ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்த கையால் மகளின் விரல்களைக் குவித்துப் பிடித்து வளையலை ஏற்றினாள். மற்றவர்கள் போடப் போட வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. அது முடிந்ததும் பூவை எடுத்துச் சடையில் சுற்றி வைத்தாள். சுற்றியும் மிஞ்சியதைக் கிள்ளிச் சம்பந்தியம்மாளுக்கும் மற்ற பெண்களுக்கும் கொடுத்தாள்.

"நார்ல கட்டின பூ. பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்றார் சம்பந்தியம்மாள். "இவ்வளவையும் எப்ப கட்டினீங்க?"

"வர்ற வழியில."

"ஃப்ளைட்டு ரொம்ப நேரம் ஆச்சுங்களா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ஒன்பது முழம்" என்றாள்.

சம்பந்தியம்மாளுக்குப் புரியவில்லை. பிரீத்திகாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் கை வளையல் எல்லாம் குலுங்கியது. சம்பந்தியம்மாள் தட்டில் சோறு போடும்போது அக்காவுக்கு மட்டும் இரண்டு தடவை நெய் விட்டார். அந்தப் பழைய பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியும் இருக்கவில்லை.

இரண்டு நாள் தங்கிவிட்டுச் செவ்வாய்க்கிழமை திரும்பினோம். பல்லாவரம் கடையில் உதிரி மொட்டு வாங்கி, கடைக்காரரிடம் சருகும் கேட்டு வாங்கிக்கொண்டாள். திரும்பும்போது எட்டரை முழம்தான் வந்தது. அதிலிருந்து அவளுக்கு ஒரு முடிவு. சென்னையிலிருந்து மதுரை அரை முழம் பக்கம். மொட்டு குறைவாக வாங்கியதால் இருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அந்தப் பூ முழுவதும் மறுநாள் எங்கள் கம்பெனி வாசலில் பங்கு போடப்பட்டது. சொர்ணலட்சுமி தன் பங்கைத் தலையில் வைத்துக்கொண்டு, "மழை பெய்யுமேன்னு மூணு நாளா அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தேன், ஒரு பொட்டுகூட விளலயே" என்றாள்.

"ஒனக்குன்னு தனியா வேண்டிக்கிட்டுத்தான் வந்தேன். காத்து வேற பக்கம் கொண்டுபோயிருச்சு" என்றாள் அக்கா. கைபேசியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, செம்புத் தகட்டில் கையை வைத்து எடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பிரீத்திகாவுக்கு வைகாசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். பிரசவமும் அங்கேதான். அதற்கு யார் போவது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. போன வாரம் அக்கா விருதுநகருக்குப் போய் ஒரு புது வயர் கூடை வாங்கி வந்தாள். பச்சையும் மஞ்சளும் பின்னியது. அடுப்படிச் சுவரில் உயரமாக ஒரு ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். பட்டாசு வேலை முடிந்து வந்து கை கழுவாமல் அத்தான் அதைத் தொடப் போனார். அடுப்புக்கு முன்னால் இருந்தபடியே அக்கா சத்தம் போட்டாள்.

"அதத் தொடாதீக. அது கம்பெனிக்குப் போற கூடை இல்ல."